முன்வரிசைப் பன்கள் ஏன் வேகவில்லை

சித்திரைத் திருவிழாவுக்கு வந்திருந்த உறவினர்களுக்காக என் மகள் சுட்ட ஒன்பது பன்களில் மூன்றின் அடிப்பாகம் வேகவில்லை. அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் காலை, திருநகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தேநீரோடு வைத்த அந்தப் பன்களில் ஒன்றைப் பிட்ட அவளுடைய சின்னத் தாத்தா, அடியில் பிசுபிசுவென்று ஒட்டிய மாவைக் கட்டைவிரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "பாப்பா, இது பன்னா, பணியாரமா?" என்று கேட்டார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. அடுத்த இரண்டு வாரம் அவள் மைதா டப்பாவைத் திறக்கவே இல்லை.

அதற்கு முன்பும் இரண்டு முறை இப்படி ஆகியிருந்தது. ஒவ்வொரு முறையும் வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். மாவு தளர்ந்துவிட்டது என்றேன் நான். மைதா பழசு என்றார் கணவர். இட்லி மாவில் ஐம்பது வருடப் பழக்கம் உள்ள என் மாமியார், "மாவு புளிக்கலத்தா, அவசரப்பட்டுட்ட" என்று பேத்தியிடம் முடிவாகவே சொல்லிவிட்டார். மூன்று காரணங்களும் கடைசியில் அவள் கையைத்தான் குற்றம் சொல்லின. எங்கள் அடுப்பைப் பற்றி ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அது ஏழு வருடங்களாகச் சமையலறை மேடையில் இருக்கும், மேலும் கீழும் இரண்டிரண்டு சூடேற்றும் ராடுகள் கொண்ட 1200 வாட் ஓடிஜி ஓவன். சூடாகிறது, விளக்கு எரிகிறது, மணி அடிக்கிறது என்பதே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

உண்மை அவளுடைய நோட்டிலிருந்து வந்தது. எதைச் செய்தாலும் நாள், நேரம், அளவு எழுதிப் படம் வரைவது அவளுடைய பொழுதுபோக்கு. சாலையோர வேப்பமரத்தில் எத்தனை கிளிகள் அமர்ந்தன என்பதற்குக்கூட ஒரு வரைபடம் வைத்திருக்கிறாள். ஒரு மதியம் அந்த நோட்டைப் புரட்டியபோது, பன் சுட்ட பக்கங்களில் மும்மூன்று வட்டங்களாக மூன்று வரிசை வரைந்து, வேகாத பன்களுக்குப் பென்சிலால் கோடு போட்டிருந்ததைக் கண்டேன். மூன்று பக்கங்களிலும் கோடு விழுந்திருந்தது முன்வரிசையில், அதாவது கண்ணாடிக் கதவை ஒட்டிய வரிசையில் மட்டுமே. ஒரே மாவை ஒரே நேரத்தில் பிசைந்து, 61 கிராம் வீதம் தராசில் நிறுத்து உருட்டிய பன்களில் ஒரு வரிசை மட்டும் வேகாமல் போனால் மாவின் மீது எப்படிக் குற்றம் சொல்வது? இருபது வருடங்களுக்கு முன் பாலிடெக்னிக்கில் டிப்ளமா எலெக்ட்ரிக்கல் படித்தவள் நான். என் மகளிடம் அந்த மதியம் எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

அவளுடைய அளவுகள்: மைதா 300 கிராம், பால் 170 மில்லி, சர்க்கரை 40 கிராம், வெண்ணெய் 30 கிராம், உலர் ஈஸ்ட் 4 கிராம், உப்பு 5 கிராம். இதில் திருத்த எதுவும் இல்லை. மதுரை மே மாதத்தில் கவனிக்க வேண்டியது வெப்பம் ஒன்றைத்தான். மதியம் இரண்டு மணிக்கு மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் அவள் குச்சி வெப்பமானியை வைத்தபோது 43 டிகிரி காட்டியது. ஈஸ்ட் சாவது 55 டிகிரிக்கு மேலேதான் என்றாலும், இந்தச் சூட்டில் கலந்த மாவு தலைதெறிக்க உப்பிப் புளிப்பு வாடை அடித்துவிடும். ஆகவே குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாலை அப்படியே ஊற்றிப் பிசைகிறாள். பிசைந்து முடிக்கும்போது மாவு 28 டிகிரியில் நிற்கிறது. புத்தகங்கள் ஒன்றரை மணி நேரம் என்று சொல்லும் முதல் உப்பல் இங்கே 40 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. மாமியார் சொன்ன அவசரம் அவளுடையது அல்ல, வெயிலுடையது.

முதல் சந்தேகம் கதவின் மீது விழுந்தது. கண்ணாடி வழியாகச் சூடு கசிவதால் முன்பக்கம் குளிர்ந்திருக்கலாம் என்று நினைத்தேன். அதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. கடையில் வாங்கிய சாண்ட்விச் ரொட்டியில் ஆறு துண்டுகளைக் கம்பித் தட்டில் இரண்டு வரிசையாக நெருக்கி அடுக்கி, குமிழைக் கீழ் ராடுகள் மட்டும் எரியும் நிலையில் வைத்து, பத்து நிமிடம் கழித்து எடுத்துத் திருப்பிப் பார்த்தோம். பின்வரிசைத் துண்டுகளின் அடியில் கம்பித் தடத்தோடு நல்ல பழுப்பு நிறம் ஏறியிருந்தது. முன்வரிசைத் துண்டுகள் லேசாகக் காய்ந்திருந்தனவே ஒழிய, வெள்ளையாகவே இருந்தன. கதவுக் கசிவு இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தராது. அன்றிரவு சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, கீழ் ராடுகளை மட்டும் போட்டுக் கண்ணாடி முன் மூவரும் குந்தி உட்கார்ந்தோம். இரண்டு நிமிடத்தில் பின் ராடு மங்கிய செங்காவி நிறத்தில் ஒளிர்ந்தது. முன் ராடு இருட்டோடு இருட்டாகக் கிடந்தது. மகள் ஒன்றும் பேசவில்லை. நோட்டை எடுக்க எழுந்து போனாள்.

மூன்று முறையும் எங்களை ஏமாற்றியது பன்னின் மேற்பக்க நிறம். கீழே ஒரு ராடு செத்திருந்தாலும் மேலே இருந்த இரண்டும் நன்றாக வேலை செய்ததால், உட்காற்று உரிய சூட்டை எட்டி, பன்களின் தலை பொன்னிறமாகிவிட்டது. நாங்கள் தலையைப் பார்த்தே வெந்துவிட்டது என்று நம்பி எடுத்திருக்கிறோம்.

மறுநாள் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டிக் கண்ணில் படும்படி ஓவனின் தலைமேலேயே வைத்த பிறகு, பின்தகட்டைக் கழற்றினேன். இவ்வகை ஓவன்களின் தகட்டு விளிம்புகள் பிளேடு போல இருக்கும். தடித்த துணிக் கையுறை இல்லாமல் கை விடக்கூடாது. வலப்பக்கத் தகட்டைத் தளர்த்தியபோது உள் இடுக்கிலிருந்து சிறுசிறு செம்மண் துண்டுகள் மேடையில் உதிர்ந்தன. ஒன்று மட்டும் வளைந்து, நுனி கூர்ந்து, சுண்டுவிரல் நீளத்தில் இருந்தது. நான் அதைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதுவரை பக்கத்தில் நின்ற எட்டு வயது மகன் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தான்.

அது யானையின் தும்பிக்கை. கொலு பொம்மைகளுக்குப் பேர்போன விளாச்சேரி எங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கே பொம்மை செய்யும் வீடுகளில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதும், கேட்டு வாங்கி வரும் மண்ணில் எதையாவது பிடிப்பதும் அவனுடைய பொழுதுபோக்கு. பொங்கல் விடுமுறையில் நான் வெளியே போயிருந்தபோது, செய்த கையோடு ஈர யானையை ஓவனில் வைத்து 250க்குத் திருப்பியிருக்கிறான். உள்ளே இருந்த நீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் யானை வெடித்துச் சிதறிவிட்டது. கண்ணில் பட்டதையெல்லாம் துடைத்துவிட்டு ஐந்து மாதம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான். வெடிக்காமல் இருந்திருந்தாலும் அது சுட்ட மண்ணாகியிருக்காது என்பதை அவனுக்கு விளக்கினேன். களிமண்ணோடு பிணைந்திருக்கும் நீர் நீங்கி, திரும்பத் தண்ணீரில் கரையாத ஓடாக அது மாறுவதற்கு ஏறத்தாழ 600 டிகிரி வேண்டும். நம் ஓவன் அதில் பாதியைக்கூடத் தொடாது. "அப்ப ராடு என்னாலதான் போச்சாம்மா?" என்று கேட்டான். அதற்கு மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

எங்கள் ஓவனில் கீழ் ராடுகள் இரண்டும் பக்க இணைப்பில் உள்ளன. அதனால்தான் ஒன்று போனாலும் மற்றது எரிந்தது. தொடர் இணைப்பாக இருந்திருந்தால் இரண்டுமே அணைந்து, குறையை முதல் நாளே கண்டுபிடித்திருப்போம். ஒவ்வொரு ராடின் ஒரு முனையையாவது கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்து ராடின் வழியாக மீட்டர் பொய் சொல்லும். 300 வாட் ராடு 230 வோல்ட்டில் எவ்வளவு தடை காட்ட வேண்டும் என்று மகளைக் கணக்குப் போடச் சொன்னேன். 230ஐ 230ஆல் பெருக்கி 300ஆல் வகுத்து 176 ஓம் என்றாள். நைக்ரோம் கம்பியின் தடை சூட்டில் சில சதவீதமே கூடும் என்பதால், குளிர்ந்த நிலையில் இதைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டினால் சரி. மூன்று ராடுகள் 170, 172, 171 என்று காட்டின. நான்காவதில் மீட்டரின் இடது ஓரத்தில் 1 மட்டும் நின்றது. கம்பி அறுந்துவிட்டது என்று பொருள்.

அந்த ராடின் வலது முனையில் நட்டும் வாஷரும் கரியாகக் கறுத்திருந்தன. இணைப்பு எப்போதோ தளர்ந்து, தளர்ந்த இடத்தில் தடை கூடி, அங்கேயே சூடேறி முனை வெந்துபோயிருக்க வேண்டும் என்பது என் ஊகம். யானை வெடித்த தடம் நடுப்பகுதியில் இருந்தது. முனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மகனை விடுதலை செய்தேன். சொல்லாமல் மறைத்ததற்கு மட்டும் ஒரு வாரம் அடித்தட்டைக் கழுவும் வேலை கிடைத்தது.

புது ராடுக்காக டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், மிக்ஸி, கிரைண்டர் உதிரிகள் விற்கும் கடைக்குப் போனோம். பழைய ராடைக் கையோடு கொண்டுபோனது நல்லதாயிற்று. நீளம், தடிமன், முனைத் திருகு மூன்றும் பொருந்தும் ஒரு ராடைக் கடைக்காரர் உடனே எடுத்து வைத்தார். பையிலிருந்து மீட்டரை எடுத்து முனைகளில் வைத்தேன்; 103 ஓம் காட்டியது.

"அண்ணே, இது 500 வாட்டு. எனக்கு 300தான் வேணும்."

"நீளம் சரியா இருக்குல்லக்கா? போடுங்க, சூடு நல்லாக் கிடைக்கும்."

முன்னால் 500, பின்னால் 300 என்று போட்டால் இத்தனை நாள் வேகாத வரிசை இனிமேல் கருகத்தான் செய்யும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், மகள் தன் நோட்டைத் திறந்து ரொட்டித் துண்டுப் படத்தை அவர் முன் நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பரணில் ஏறி இன்னொரு பெட்டியை இறக்கினார். அதிலிருந்த ராடு 173 ஓம் காட்டியது. விலை 240 ரூபாய். புது நட்டு, பித்தளை வாஷர், சூடு தாங்கும் கண்ணாடி இழை உறை போட்ட ஒரு முழ வயர் ஆகியவற்றையும் வாங்கிக்கொண்டோம். சாதாரணப் பிவிசி வயரை இந்த இடத்தில் போட்டால் உறை உருகிவிடும். ஈயப் பற்றும் வைக்கக்கூடாது. வழக்கமான பற்று ஈயம் 183 டிகிரியிலிருந்தே உருகத் தொடங்கிவிடுமாதலால் முறுக்கி இறுக்கிய நட்டுதான் இங்கே நிற்கும்.

மாட்டுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பீங்கான் புஷ்ஷைப் பழைய துளையில் உட்கார வைத்து, நட்டை இறுக்கி, பிளக்கின் எர்த் முனைக்கும் உடல் தகட்டுக்கும் இடையே மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, எல்லாத் தகட்டையும் மூடி, பிளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டேன். வீடு முழுவதும் மின்சாரம் போய்விட்டது. கூடத்தில் தொடர் பார்த்துக்கொண்டிருந்த மாமியாரின் குரல் உடனே வந்தது.

மின்கசிவுக்காகப் போட்டிருக்கும் ஈஎல்சிபி விழுந்திருந்தது. காரணத்தை யோசித்துப் பிடிக்கச் சிறிது நேரம் ஆயிற்று. ராடின் வெளிக்குழாய்க்கும் உள்ளே ஓடும் நைக்ரோம் கம்பிக்கும் நடுவில் மெக்னீசியம் ஆக்சைடு தூளை இறுக்கி நிரப்பியிருப்பார்கள். அது சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ஈரத்தை உறிஞ்சும். முனைகள் சரியாக அடைபடாத ராடு கடைப் பரணில் இரண்டு மழைக்காலம் கிடந்தால் தூளில் ஈரம் ஏறி, தொடக்கத்தில் உடலுக்குக் கசிவு தரும். ராடை மறுபடியும் கழற்றி, எந்த வயரும் இல்லாமல் ஓவனுக்குள்ளேயே தட்டில் படுக்க வைத்து, மேல் ராடுகளை மட்டும் போட்டு 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காய வைத்தேன்.

அந்தச் சூட்டிலேயே இன்னொரு வேலையும் முடிந்தது. மொட்டைமாடிக்குத் தளம் போட்டபோது மிஞ்சிய தட்டோடுகளில் சுண்ணாம்பு படாத புதிய ஓடு ஒன்று எங்களிடம் இருந்தது. கம்பித் தட்டின் மேல் அதை வைத்து, அதன்மேல் பன் தட்டை வைத்தால், சுட்ட மண் சூட்டைப் பிடித்துவைத்துக் கீழிருந்து சீராக விடும். கதவைத் திறக்கும்போது இழக்கும் வெப்பத்தையும் ஓரளவு ஈடுகட்டும். கழுவிய ஓட்டை நேரே 200 டிகிரியில் வைக்கப் போன என்னைத் தடுத்தவன் மகன். "ஈரமா வைக்காதீங்கம்மா, வெடிச்சிரும்" என்றான். அந்த வீட்டில் அதை அனுபவித்துச் சொல்லத் தகுதியானவன் அவன் ஒருவன்தான். ஓட்டை ஒரு நாள் முழுவதும் நிழலில் காய வைத்து, பிறகு ராடோடு சேர்த்துச் சூட்டில் உலர்த்தினோம். ஓடு வந்த பிறகு முன்சூடேற்ற 10 நிமிடத்துக்குப் பதில் 25 நிமிடம் ஆகிறது. மின்கட்டணத்தை எண்ணுபவர்கள் இதைத் தவிர்க்கலாம், பன் கெட்டுவிடாது.

இரண்டாம் முறை ஸ்விட்சைப் போட்டபோது ஒன்றும் விழவில்லை. இருட்டில் இரண்டு ராடுகளும் ஒரே நிறத்தில் ஒளிர்ந்தன.

திறந்ததோடு தெர்மோஸ்டாட்டையும் பார்த்துவிட நினைத்தேன். ஓவன்களில் குமிழ் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பது அரிது. குமிழுக்குப் பின்னால் இரு உலோகங்கள் ஒட்டிய ஒரு பட்டை சூட்டில் வளைந்து இணைப்பைத் துண்டிக்கிறது. ஏழு வருடம் வளைந்து நிமிர்ந்த பட்டை சற்றே சோர்ந்திருப்பதில் வியப்பில்லை. இதை அளக்கச் சர்க்கரை போதும். சர்க்கரை உருகும் வெப்பநிலை 186 டிகிரி. கிண்ணம் போல மடித்த அலுமினியத் தாளில் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையை ஓட்டின் நடுவில் வைத்து, தெர்மோஸ்டாட் மூன்று முறை 'டிக்' என்று விழுந்து எழுந்த பிறகு, 15 நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். நீண்ட நேரம் விட்டால் குறைந்த சூட்டிலும் சர்க்கரை மெல்ல நிறம் மாறும் என்பதால் நேரத்தில் கண்டிப்பு அவசியம். குமிழ் 175இல் சர்க்கரை மணல் போலவே இருந்தது. 190இலும் அப்படியே. 205இல் ஓரங்கள் கண்ணாடியாகி, நடுவில் வெள்ளைத் தீவு ஒன்று மிச்சமிருந்தது. எங்கள் குமிழ் ஏறத்தாழ 15 முதல் 20 டிகிரி கூட்டிச் சொல்கிறது.

தெர்மோஸ்டாட்டின் தண்டுக்குள் சிறு திருகு ஒன்று இருக்கிறது. அதைத் திருப்பிச் சரிசெய்யலாம். நான் அதைத் தொடவில்லை. ஒரு சர்க்கரைக் கிண்ணத்தை நம்பி அதைத் திருப்பும் அளவுக்கு எனக்குத் துணிவில்லை. அதற்குப் பதிலாக மகள் வட்டமாக வெட்டிய தாளில் புதிய எண்களை எழுதிக் குமிழைச் சுற்றி ஒட்டினாள். உருகிய சர்க்கரையை உடைத்துத் தின்றது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பன் சுட ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தோம். முதல் உப்பல் முடிந்ததும் மாமியார் தானாகவே வந்து, மாவில் ஆள்காட்டி விரலை ஒரு கணு அளவு அழுத்திப் பார்த்தார். குழி மெல்ல, பாதி மட்டும் மேலெழுந்து நின்றது. "இப்பச் சரி" என்றார். ஒன்பது உருண்டைகளைச் சதுரத் தட்டில் அடுக்கி, இன்னும் 25 நிமிடம் உப்ப விட்டு, மேலே பால் தடவி, புதிய தாளில் உள்ள 180இல் வைத்தோம். பத்தாவது நிமிடத்தில் வெண்ணெயும் பாலும் சேர்ந்த அந்த வாசனை மாடிப்படி வரை போய்விட்டது. பதினெட்டாவது நிமிடத்தில் எடுத்து, முன்வரிசை நடுப் பன்னின் வயிற்றில் குச்சி வெப்பமானியைக் குத்தினாள். 95 டிகிரி. உள்ளே 93ஐத் தாண்டிவிட்டால் வெந்துவிட்டது என்று கொள்ளலாம். பின்வரிசையில் 94 இருந்தது.

தட்டைத் துணியின் மேல் கவிழ்த்தபோது ஒன்பது அடிப்பாகங்களும் வறுத்த நிலக்கடலைத் தோல் நிறத்தில் இருந்தன. மாமியார் முன்வரிசையிலிருந்து ஒன்றைப் பிட்டு, தேநீரில் முக்கி, வாயில் போட்டுக்கொண்டு வெகுநேரம் மென்றார். டீக்கடை பன் பட்டர் ஜாமுக்கு இது ஈடாகாது என்பது அவருடைய தீர்ப்பு. இரண்டாவது பன்னை அதற்குப் பிறகுதான் எடுத்தார்.

மகள் ஒன்பதையும் தலைகீழாக அடுக்கி வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையின் வலது ஓரத்துப் பன் மற்றவற்றைவிட ஒரு சாயல் கூடுதலாகச் சிவந்திருந்தது. என் கண்ணுக்கு அது அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. நோட்டில் அந்த வட்டத்துக்குப் பென்சிலால் லேசாக நிழல் போட்டு, அடுத்த முறை 12ஆவது நிமிடத்தில் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும் என்று கீழே எழுதினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன், யானையை இரண்டு நாள் நிழலில் காய வைத்துவிட்டு ஓவனில் வைக்கலாமா என்று கேட்டான்.